‘ஏற்பட்டது’ என்று எழுத விடாதவர்

முதல் முறை எங்கள் பதிப்பகத்துக்கு வந்தபோது அவர் வணக்கம்கூடச் சொல்லவில்லை. தி. நகரில் பனகல் பூங்காவுக்குப் பின்னால் ஒரு சந்தில், பாத்திரக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். படியேறிய மூச்சிரைப்பு அடங்கும் முன்பே என் மேஜையில் ஒரு தாள்கட்டைப் போட்டார். மேல்தாளில் ஒரு வரியைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார். அழுத்திய வேகத்தில் தாள் கிழிந்திருந்தது.

“இத மாத்தினது யாரு?”

நான்தான். ‘குடிநீர்க் குழாயில் சாக்கடையைக் கலக்க விட்டால் ஹெபடைடிஸ் ஏ வைரஸ் பரவும்’ என்று அவர் எழுதியிருந்தார். அதை ‘அசுத்தமான குடிநீரால் ஹெபடைடிஸ் ஏ தொற்று ஏற்படுகிறது’ என்று செப்பனிட்டிருந்தேன். வாக்கியம் இப்போது நன்றாக ஓடுகிறது என்பது என் எண்ணம்.

“ஏற்படுகிறது! அதுவா ஏற்படுமா சார்? வானத்துலேர்ந்து விழுமா? சாக்கடைக் குழாய்க்குப் பக்கத்துலயே தண்ணிக் குழாயப் போட்டவன் ஒருத்தன். கசியுதுன்னு ஏரியா ஜனம் போய்ச் சொன்னா வந்து பாக்காதவன் ஒருத்தன். ஆளு இருக்கான் சார். நீங்க ஆளத் தூக்கிட்டு வைரஸ மட்டும் வெச்சிருக்கீங்க.”

எனக்கும் கோபம் வந்தது. பல வருஷமாகப் பிழை திருத்துகிறவன் நான். மருத்துவர்கள் எழுதும் தமிழைச் சரிசெய்து, முதுகை நிமிர்த்தி நிற்க வைப்பதே என் பிழைப்பு. “மேடம், எல்லாப் பாடப் புத்தகத்திலும் இப்படித்தான் எழுதுவாங்க” என்றேன்.

“அதனாலதான் எல்லாப் பாடப் புத்தகமும் இப்படி இருக்கு” என்று சொல்லிவிட்டு, எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அன்று மாலைக்குள் அந்த அத்தியாயத்தில் இருந்த ‘ஏற்படுகிறது’, ‘ஏற்பட்டது’, ‘ஏற்படக்கூடும்’ அத்தனையையும் தேடித் தேடி அடித்தோம். என் புருவத்துக்கு மேலே ஒரு வலி தொடங்கியிருந்தது. அவருக்குப் பசித்தது. கீழே போய் வாழைக்காய் பஜ்ஜி வாங்கி வரச் சொன்னார்.

புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அரசுப் பள்ளியில் தமிழில் படித்து மருத்துவக் கல்லூரிக்குள் நுழையும் பிள்ளைகள் இரண்டாம் வருஷத்தில் நுண்ணுயிரியலைப் பார்த்து மிரண்டு போகிறார்கள். அதிலும் வைரஸ்கள் என்றால் குடும்பம் குடும்பமாக வாயில் நுழையாத பெயர்கள். அவர்களுக்காகத் தமிழில் ஒரு துணை நூல் போடலாம் என்பது எங்கள் முதலாளியின் யோசனை. திருநெல்வேலிக்காரர், நாங்கள் எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். வேலைத் தேர்வுகளுக்கான கையேடுகளைப் போட்டே வளர்ந்தவர். நகரத்தில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் இவர் நுண்ணுயிரியல் பேராசிரியர். கல்லூரியோடு சேர்ந்த ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குள் தொற்று பரவாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் இவருக்குத்தான். யாரோ சொல்லி அண்ணாச்சி இவரைப் பிடித்தார். பிடித்த பிறகு பல நாள் வருத்தப்பட்டார்.

அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. காரணம் போகப் போகத் தெரியும்.

மந்தைவெளிக்காரர். அப்பா பஸ் கண்டக்டராக இருந்தவர். மந்தைவெளி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய குடியிருப்பில் தனியாக இருந்தார். வகுப்பிலும் கூட்டங்களிலும் சுத்தமாகப் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் மந்தைவெளி நாக்கில் ஏறிவிடும். ‘என்ன’ போய் ‘இன்னா’ வந்துவிட்டால் எதிரில் இருப்பவர்கள் கொஞ்சம் நகர்ந்து உட்காருவார்கள். என்னை முதல் வாரம் ‘சார்’ என்றார். அதன் பிறகு ‘எடிட்டர்’. ரொம்பக் கோபமென்றால் ‘யோவ் எடிட்டர்’.

வைரஸ்களை எப்படி வகைப்படுத்துவது என்பதில்தான் அண்ணாச்சிக்கும் அவருக்கும் முதல் சண்டை. வழக்கமான முறை எனக்கே அதற்குள் மனப்பாடம் ஆகியிருந்தது. உள்ளே இருக்கும் மரபுப் பொருள் டிஎன்ஏவா, ஆர்என்ஏவா, மேலே உறை உண்டா, இல்லையா, எந்தக் குடும்பம். அதை அவர் முதல் அத்தியாயத்தில் ஒழுங்காக எழுதிவிட்டார். “இது வைரஸோட வீட்டு அட்ரஸ். தெரிஞ்சிருக்கணும். ஆனா பேஷண்ட் அட்ரஸ் எங்க?” என்று கேட்டு, இரண்டாம் பகுதியில் எல்லாவற்றையும் கலைத்துப் போட்டார். கொசு வழியாக வருபவை, தண்ணீர் வழியாக வருபவை, மூச்சு வழியாக, ரத்தம் வழியாக, தாயிடமிருந்து பிள்ளைக்கு, நாயிடமிருந்து மனிதனுக்கு.

“டெங்குவும் ஹெபடைடிஸ் சியும் ஒரே குடும்பம் எடிட்டர். பங்காளிங்க. ஒருத்தன் கொசுல வருவான், இன்னொருத்தன் ஊசில வருவான். குடும்பப் பேர மட்டும் ஒப்பிச்சுட்டு ஒரு பையன் வார்டுக்கு வந்தா, கொசுவலையக் கட்டுவானா, ஊசிய மாத்துவானா?”

இதோடு விட்டிருந்தால் அண்ணாச்சி பொறுத்துக்கொண்டிருப்பார். ஒவ்வொரு அட்டவணையின் கடைசியிலும் ‘யார் தடுத்திருக்கலாம்?’ என்று ஒரு பத்தியைச் சேர்த்தார். வெறிநாய்க்கடி வைரஸுக்கு எதிரே ‘கடிபட்ட அன்றே மருந்து இருப்பில் வைத்திருக்க வேண்டிய மருத்துவமனை’ என்று எழுதினார். தட்டம்மைக்கு எதிரே ‘தடுப்பூசி வேண்டாம் என்று வீடியோ போடுகிறவர், அதைப் பார்த்து நம்பிய அப்பா’.

“டாக்டரம்மா, இதெல்லாம் பரீட்சைல கேக்க மாட்டாங்கள்லா?” என்றார் அண்ணாச்சி.

“பரீட்சைல கேக்க மாட்டாங்க அண்ணாச்சி. புள்ள செத்துப் போய்க் கெடக்கறப்ப அதோட அம்மா கேப்பா. என்ன பதில் சொல்றதுன்னு இவனுக்குத் தெரிய வேணாமா?”

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். பத்தி அப்படியே இருந்தது.

நூலில் வைரஸ் என்று போடுவதா, நல்ல தமிழில் போடுவதா என்று ஒரு புலவர் மூன்று பக்கம் எழுதி அனுப்பியிருந்தார். அதைப் படித்துக்கொண்டே வந்த பேராசிரியர் பாதியில் நிறுத்தினார். “இவரு எந்த வார்டுல எடிட்டர்?” என்றார். வைரஸ் என்றே போட்டோம்.

தெருவிலும் அவர் அப்படித்தான். ஒரு நாள் அவர் வீட்டுக்கு ப்ரூஃப் எடுத்துக்கொண்டு போனபோது மந்தைவெளி மார்க்கெட் முனையில் சத்தம். இளநீர் வண்டிக்காரருக்கும் இவருக்கும்தான். வெட்டிப் போட்ட கூடுகள் வண்டிக்குப் பின்னால் மலையாகக் கிடந்தன. முந்தின நாள் மழை. ஒவ்வொரு கூட்டிலும் ஒரு வாய்த் தண்ணீர், அதில் நெளியும் புழு.

“மழ பேஞ்சா நான் இன்னா மேடம் பண்றது? கார்ப்பரேசன் வண்டி மூணு நாளா வரல.”

“வண்டி வரலன்னா கவுத்துப் போட உனக்குக் கை கீதா இல்லியா?”

பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவரே குனிந்து ஒவ்வொன்றாகக் கவிழ்க்க ஆரம்பித்தார். இளநீர்க்காரருக்கு வெட்கமாகிவிட்டது. அவரும் குனிந்தார். வேறு வழியில்லாமல் நானும் ப்ரூஃபைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்தேன். கவிழ்த்து முடித்ததும் அங்கேயே நின்று கார்ப்பரேசனுக்கு போன் போட்டார். அந்தப் பக்கம் எடுத்தவருக்கு அன்றைய பகல் நல்ல பகலாக இருந்திருக்காது.

அவருடைய கோபம் எனக்குப் பிடித்துப்போனது என் மகளுக்குக் காய்ச்சல் வந்தபோதுதான். எங்கள் தெரு டாக்டர் குழந்தையைத் தொட்டும் பார்க்காமல் ‘வைரல் ஃபீவர்’ என்று சொல்லி அனுப்பியிருந்தார். போனில் அதைச் சொல்லி லீவு கேட்டேன்.

“வைரல்னா எந்த வைரஸ்?”

“அதெல்லாம் சொல்லல மேடம். ஊரெல்லாம் இருக்காம்.”

சைதாப்பேட்டையில் என் வீட்டுக்கு ஆட்டோவில் வந்து இறங்கினார். மகளின் கண்ணை, நாக்கை, வயிற்றைப் பார்த்தார். டெங்குவா என்று அறிய, கையில் பட்டையைக் கட்டி அழுத்தி, தோலில் சிவப்புப் புள்ளி வருகிறதா என்று காத்திருந்து பார்த்தார். ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். எதையெல்லாம் கவனிக்க வேண்டும், எது நடந்தால் உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்று என் மனைவியிடம் சொன்னார். பரிசோதனையில் ஒன்றும் இல்லை. காய்ச்சலும் இறங்கிவிட்டது.

“அந்த டாக்டர் சொன்ன மாதிரி ஒண்ணும் இல்லையே மேடம்” என்றேன்.

“நான் பாத்துட்டு ஒண்ணும் இல்லன்னு சொன்னேன். அவன் பாக்காமச் சொன்னான்” என்றார்.

ஹெபடைடிஸ் அத்தியாயத்தின் ப்ரூஃபோடு போன அன்றுதான் ஆஸ்பத்திரி விஷயம் எனக்குத் தெரியவந்தது. கதவு திறந்தே இருந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்து கருகிக்கொண்டிருந்தது. அவர் சமையலறை வாசலிலேயே நின்றிருந்தார். நான் போய் அடுப்பை அணைத்தேன்.

“ஆறு பேரு எடிட்டர்” என்றார்.

அவர் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவு உண்டு. சிறுநீரகம் பழுதானவர்கள் வாரத்தில் சில நாள் வந்து, இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போவார்கள். அவர்களுக்கு ரத்தத்தில் பரவும் வைரஸ்கள் இருக்கின்றனவா என்று அவ்வப்போது பரிசோதிப்பார்கள். சேரும்போது சுத்தமாக இருந்த ஆறு பேருக்கு இப்போது ஹெபடைடிஸ் சி. கல்லீரலைத் தின்னும் வைரஸ். ஆறு பேரும் காலை ஷிஃப்டு. அதே ஷிஃப்டில் ஏற்கெனவே அந்த வைரஸ் உள்ள ஒருவரும் இருந்தார். வேறொரு ஆய்வகத்தில் இருந்த தன் தோழிக்கு ரத்த மாதிரிகளை அனுப்பி, ஏழு பேரின் வைரஸையும் ஒப்பிடச் சொல்லியிருந்தார் பேராசிரியர். எல்லாம் ஒரே வைரஸின் வாரிசுகள்.

“எப்படி மேடம்?”

“ரத்தம் உறையாம இருக்க ஒரு மருந்து போடுவாங்க. முன்னாடி ஆளுக்கு ஒரு சின்னக் குப்பி. போன வருஷம் அத நிறுத்திட்டு எல்லாருக்கும் சேர்த்து ஒரு பெரிய குப்பி வாங்க ஆரம்பிச்சாங்க. மூணு டெக்னீஷியன் நின்ன எடத்துல ஒருத்திய நிக்க வெச்சாங்க. அந்தப் பக்கம் ஒரு மெஷின் கத்தும், இந்தப் பக்கம் ஒரு ஆளுக்கு மயக்கம் வரும். ஓடிக்கிட்டே ஒருத்தருக்குப் போட்ட ஊசிய மறுபடி குப்பில விட்டு எடுத்திருக்கா. அவ்ளோதான். ஒரு தடவ போதும்.”

ரத்தத்தில் பரவும் வைரஸ்களைப் பற்றிய அவருடைய அத்தியாயம் என் கையில் இருந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை.

நிர்வாகம் கூட்டம் போட்டது. நடந்ததை அவர் பிறகு எனக்குச் சொன்னார். முதல் கூட்டத்தில் இனிமையாகப் பேசினார்களாம். நோயாளிகள் வெளியில் எங்கெங்கோ ஊசி போட்டுக்கொள்கிறார்கள். அங்கே எங்காவது வந்திருக்கலாம். ‘சிலருக்குத் தொற்று ஏற்பட்டுள்ளது, காரணம் உறுதியாகத் தெரியவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். இவர் போடவில்லை.

இரண்டாம் கூட்டத்துக்குப் போனபோது சுவரோரம் அந்த டெக்னீஷியன் பெண் நின்றுகொண்டிருந்தாள். விழுப்புரம் பக்கத்துப் பெண். திருவான்மியூரில் ஒரு ஹாஸ்டலில் இருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. நிர்வாக இயக்குநர் இவரைப் பார்த்துச் சிரித்தாராம்.

“எப்பவும் யாரு, யாருன்னு கேப்பீங்களே மேடம். இதோ, ஆளு இவங்கதான். எழுதிக் குடுத்துட்டாங்க. டிஸ்மிஸ் பண்ணியாச்சு. இப்ப கையெழுத்துப் போடலாம் இல்ல?”

இதைச் சொன்னபோது அவர் குரல் உடைந்தது. நான் அவரைப் பார்த்த அத்தனை வருஷத்தில் அப்படி உடைந்து கேட்டதில்லை. “என் கேள்விய எடுத்து அந்தப் பொண்ணு மேல குத்திட்டான் எடிட்டர்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“அவ கைதான், சரி. அந்தக் கைல ஒரே குப்பியக் குடுத்தது யாரு? அந்த வரிசைக்கு அவள மட்டும் நிக்க வெச்சது யாரு? இன்னா, ரெண்டு உத்தரவுலயும் இருக்கறது உங்க கையெழுத்து இல்லியா? உங்க பேரையும் எழுதுங்க, அப்புறம் நான் போடறேன்னு சொன்னேன்.”

சொல்லிவிட்டு அறையை விட்டு நேராக டயாலிசிஸ் பிரிவுக்குப் போயிருக்கிறார். நோயாளிகளிடம் ‘படிப்படியாக, பக்குவமாக’ச் சொல்லலாம் என்று நிர்வாகம் முடிவு செய்திருந்தது. இவர் படுக்கை படுக்கையாக நின்று, ஆறு பேரிடமும் என்ன நடந்தது, எப்படி நடந்தது என்று சொல்லிவிட்டார். இப்போது இதற்கு மாத்திரை இருக்கிறது, முழுசாகக் குணமாகும் என்றும் சொன்னார். ஆனால் முதல் பாதியைக் கேட்டவர்களுக்கு இரண்டாம் பாதி காதில் விழவில்லை.

அடுத்த சில நாளில் நான் அவர் வீட்டில் இருந்தபோது ஒரு பெண்மணி கணவரோடு வந்தார். உஸ்மான் ரோட்டில் ஒரு புடவைக் கடையில் விற்பனைப் பெண்ணாக இருந்தவர். ஆறு பேரில் ஒருவர். கணவர் ஆட்டோ ஓட்டுகிறவர். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

“மெஷின் ரிப்பேராம், வராதேன்னுட்டானுங்க. வேற ரெண்டு எடத்துக்குப் போனோம். ரிப்போர்ட்ட பாத்துட்டு, பாசிட்டிவ் கேஸ் எடுக்க மாட்டோம்ன்றான். நாளைக்கு எனக்கு டயாலிசிஸ். பண்ணலன்னா இன்னா ஆவும்னு உனக்குத் தெரியும்ல?”

“தெரியும்மா.”

“தெரியும்ல? அப்புறம் ஏன் எல்லார் எதிர்லயும் வந்து சொன்ன? சொல்லாம இருந்தா நான் பாட்டுக்கு வந்துகினு போய்க்கினு இருந்திருப்பேன். உன் கோவத்துக்கு நான்தான் கெடச்சனா?”

கணவர், “ஏய், டாக்டர்கிட்ட இப்பிடியா பேசுவ” என்று கையைப் பிடித்தார். அவர் உதறினார். கால்கள் வீங்கியிருந்தன, செருப்பின் வார் சதையில் அழுந்திக் கிடந்தது.

எங்கள் பேராசிரியர் தலை குனிந்து முழுசாக வாங்கிக்கொண்டார். பிறகு, “காலைல ரெடியா இருங்க. நான் வர்றேன்” என்றார். அவர்கள் போனதும் என் பக்கம் திரும்பினார். “நீங்களும் வாங்க எடிட்டர். ஆம்பள ஒருத்தன் கூட நின்னாத்தான் பேசவே வருவானுங்க. அதுக்கும் எனக்குக் கோவம்தான்.”

அடையாறில் ஒரு டயாலிசிஸ் மையம். வரவேற்பில் இருந்த பெண் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, “சாரி மேடம், இந்த வைரஸுக்குத் தனி மெஷின் வேணும், எங்ககிட்ட இல்ல” என்றாள்.

“தனி மெஷின் வேணும்னு யாரு சொன்னா?”

“பாலிசி மேடம்.”

“பாலிசிக்கு வாயி இல்ல. சொன்ன ஆளக் கூப்டு.”

புடவைக் கடைப் பெண்மணியை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, பக்கத்தில் அவர் உட்கார்ந்தார். நான் நின்றேன். மேலாளர் வந்தார், போனார். வேறொருவர் வந்து, மற்ற நோயாளிகள் பயப்படுவார்கள், வெளியே போய்ப் பேசலாம் என்றார். “பயப்பட வேண்டியது இவங்களப் பாத்து இல்ல, உங்கள மாதிரி ஆளுங்களப் பாத்து” என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். அந்தப் பெண்மணிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. கணவர் வாசலுக்கும் நாற்காலிக்குமாக நடந்துகொண்டிருந்தார். எனக்கு அந்த மேலாளரின் சட்டையைப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. என் வாழ்க்கையில் நான் யார் சட்டையையும் பிடித்ததில்லை.

கடைசியில் மாடியிலிருந்து ஓர் இளம் டாக்டர் இறங்கி வந்தார். இவரைப் பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டார். “மேடம், நீங்களா!” இவருடைய பழைய மாணவர்.

“இந்த வைரஸ் மெஷின்லேர்ந்து தாவாது. கழுவாத கைலேர்ந்து தாவும், மாத்தாத ஊசிலேர்ந்து தாவும். தெரியுமா, தெரியாதா?”

“தெரியும் மேடம். ஆனா இங்க பாலிசி…”

“எழுதினது யாரு?”

அவர் முகம் சிவந்தது. “நான்தான் மேடம். மேல சொன்னாங்க…”

“நீ எழுதினதுதானே? நீயே அடி.”

ஒரு மணி நேரத்தில் அந்தப் பெண்மணி படுக்கையில் இருந்தார். ஒரு டெக்னீஷியன் பையன் ஊசி போட வந்தான். எங்கள் பேராசிரியர் கால்மாட்டில் நின்று, அவன் கை கழுவுகிறானா, கையுறை மாற்றுகிறானா, குப்பி புதிதா என்று இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். படுத்திருந்தவர் கண்ணைத் திறந்தார்.

“நீ வெளிய போ மேடம். நீ நின்னா அந்தப் பையனுக்குக் கை நடுங்குது. குத்தப்போறது என்னைத்தான்.”

பேராசிரியர் வெளியே வந்தார். படிக்கட்டில் உட்கார்ந்தார். டயாலிசிஸ் முடியச் சில மணி நேரம் ஆகும். போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாமே என்றேன். “முடியட்டும்” என்றார். முடியும்வரை அங்கேயேதான் இருந்தார்.

அதன் பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீட்டினால் எனக்கு நிதானம் போய்விடும். ஆஸ்பத்திரி அவரிடம் ராஜினாமா கேட்டு வாங்கியது. கல்லூரி வேலையும் அதோடு போனது. நோயாளிகள் புகார் கொடுத்தார்கள், விசாரணைக்கு ஆட்கள் வந்தார்கள், காபி குடித்தார்கள், நடைமுறைகளை மேம்படுத்தச் சொல்லி அறிவுரை தந்துவிட்டுப் போனார்கள். தவறு எதுவும் ஒப்புக்கொள்ளாமல், ‘மனிதாபிமான அடிப்படையில்’ ஆறு பேருக்கும் மாத்திரை கொடுத்தது ஆஸ்பத்திரி. மனிதாபிமானம்! மாத்திரை வேலை செய்தது. ஆறு பேர் ரத்தத்திலிருந்தும் அந்த வைரஸ் போனது. அதில் ஒருவர் பிறகு சிறுநீரக நோயாலேயே இறந்தார். உத்தரவுகளில் கையெழுத்துப் போட்ட இயக்குநர் அதே நாற்காலியில் இருக்கிறார். டயாலிசிஸ் பிரிவுக்குப் புதுக் கட்டடம் திறந்து, வாசலில் சிரித்த முகத்தோடு பேனர் வைத்திருந்தார். என் பஸ் தினமும் அந்த வழியாகத்தான் போகிறது.

புத்தகத்தில், ஹெபடைடிஸ் சி அத்தியாயத்தில், அவர் இதைப் பற்றி ஒரு பாரா எழுதினார். ஊர் இல்லை, பேர் இல்லை. ஓர் ஆஸ்பத்திரி, ஒரு காலை ஷிஃப்டு, ஒரு பெண், ஒரு குப்பி. குப்பியை வாங்கச் சொன்னவர், ஆட்களைக் குறைத்தவர். அவர் எழுதியதிலேயே ஆகச் சிறந்த பாரா அது. ஒரு சொல்கூட நான் தொடவில்லை.

யாரோ அண்ணாச்சிக்கு போன் செய்திருக்கிறார்கள். வக்கீல் என்று சொன்னார்களாம்.

“எனக்கும் கொதிக்கத்தான் செய்யுது டாக்டரம்மா. ஆனா நான் புள்ளகுட்டிக்காரன்லா? ஒரு கேஸுன்னு வந்தா இந்த மாடியே போயிரும்.”

“பேரே போடல அண்ணாச்சி. அது அவங்க இல்லன்னா ஏன் பயப்படறாங்க?”

நானும் பேசினேன். அந்தப் பாரா அச்சில் வராது என்றால் புத்தகத்தில் என் உழைப்பும் இல்லை என்று சொன்னேன். அண்ணாச்சி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கடைசியில், “சரி, முருகன் விட்ட வழி. போடுங்க” என்றார்.

அச்சுக்குப் போகும் முன்பு கடைசி ப்ரூஃபில் கையெழுத்து வாங்க மந்தைவெளிக்குப் போனேன். அந்த டெக்னீஷியன் பெண் அங்கே இருந்தாள். நாற்காலி நுனியில் உட்கார்ந்து கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். வேறொரு மையத்தில் வேலை கிடைத்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

“புக்குல வேணாம் மேடம்” என்றாள்.

“உன் பேரு இல்லம்மா. உன் தப்ப விட அவங்க தப்புதான் பெருசுன்னு எழுதியிருக்கேன்.”

“தெரியும் மேடம். எங்க ஃபீல்டு சின்னது. காலை ஷிஃப்டு, ஒரு பொண்ணு, ஒரு குப்பின்னு படிச்சா யாருன்னு கண்டுபுடிச்சிடுவாங்க. அங்க யாருக்கும் ஒண்ணும் ஆவல மேடம். எல்லாரும் அப்படியே இருக்காங்க. எனக்குத்தான் வீட்டுல மாப்பிள்ள பாக்கறாங்க. நீங்க ஒவ்வொரு தடவ இதச் சொல்றப்பவும் நான் திரும்பப் போயி அந்த ரூம்ல சுவத்தோரமா நிக்கிறேன். விட்டுடுங்க மேடம்.”

நான் அவர் வெடிப்பார் என்று காத்திருந்தேன். அவர் அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடமிருந்து ப்ரூஃபை வாங்கினார். பாராவின் மேல் மூலைக்கு மூலை ஒரு கோடு போட்டார். தாள் கிழியவில்லை. அத்தனை மெதுவாகப் போட்டார்.

எனக்குத்தான் தாங்கவில்லை. அந்தப் பெண் படியிறங்கியதும் கத்திவிட்டேன். “இது சரியா மேடம்? அந்தாளு பேனர்ல சிரிக்கிறான். நீங்க அடிக்கிறீங்க. ஜெயிச்சது யாரு?”

“அவன்தான்” என்றார். “அதுக்காக என் கோவத்துக்கு அவ வாடகை கட்ட வேணாம் எடிட்டர்.”

அவர் பெயரையும் ஆஸ்பத்திரியின் பெயரையும் நான் எழுதாமல் இருப்பதற்குக் காரணம் அதுதான். அவர் பெயரைச் சொன்னால் ஆஸ்பத்திரி தெரியும்; ஆஸ்பத்திரி தெரிந்தால் அந்தப் பெண் தெரிவாள். அவளுடைய ஊரையும் இடத்தையும்கூட மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். இந்த நகரத்தில் ஒரு குற்றத்தை மறைத்து வைக்கும் வேலையை அதில் அடிபட்டவளிடமே ஒப்படைத்திருக்கிறார்கள். நாங்களும் அவளோடு சேர்ந்து அந்த வேலையைச் செய்கிறோம். இதை நினைக்காத நாள் எனக்கு இல்லை.

புத்தகம் வெளிவந்தது. நன்றாகவே விற்றது. திருவான்மியூரைத் தாண்டி வெகுதூரத்தில் ஒரு புதிய மருத்துவக் கல்லூரியில் அதற்குள் அவருக்கு வேலை கிடைத்திருந்தது. பெரிய பதவி இல்லை. ஆசிரியருக்குத் தர வேண்டிய பிரதிகளை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு பஸ் மாறிப் போனேன். வகுப்பில் இருக்கிறார் என்றார்கள். பின்கதவு வழியாகப் போய்க் கடைசி பெஞ்சின் ஓரத்தில் நின்றேன். மின்விசிறிச் சத்தம். நிறையப் பிள்ளைகள். பலர் முன்னாலும் எங்கள் புத்தகம் விரிந்து கிடந்தது.

ரத்தத்தில் பரவும் வைரஸ்களை நடத்திக்கொண்டிருந்தார். ஹெபடைடிஸ் பி, டிஎன்ஏ. ஹெபடைடிஸ் சி, ஆர்என்ஏ, உறை உண்டு, டெங்குவின் குடும்பம். கரும்பலகையில் எழுதிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு திரும்பினார்.

“புக்க மூடுங்க” என்றார். “இது அதுல இல்ல.”

சொல்ல ஆரம்பித்தார். வரிசையாக இயந்திரங்கள். ஒரு பெண். ஒரு குப்பி. முன்வரிசையில் ஒரு மாணவி பேனாவை எடுத்தாள். “எழுதாத. கேளு” என்றார். எந்தப் பெயரும் சொல்லவில்லை, எந்த இடமும் சொல்லவில்லை. விழுப்புரம் இல்லை, திருவான்மியூர் இல்லை. சொல்லச் சொல்ல அவர் குரலில் மந்தைவெளி ஏறிக்கொண்டே வந்தது.

நடுவிலிருந்து ஒரு பையன் எழுந்தான். “அந்த டெக்னீஷியன் பண்ணதும் தப்புதானே மேடம்?”

“தப்புதான்” என்றார். “நாளைக்கு நீ ஒரு யூனிட்டுக்குப் பொறுப்பா போவ. போன அன்னைக்குக் காலைல ஷிஃப்டுக்கு எத்தன பேருன்னு கேளு. ஒருத்திதான்னு சொன்னாங்கன்னா, இன்னொருத்தி வந்து நிக்கிற வரைக்கும் ஒரு மெஷினையும் போட வுடாத. கத்து.”

பையன் உட்காரவில்லை. பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தான், மறுபடி அவரைப் பார்த்தான்.

“கத்தினா வேலை போயிடுமே மேடம்?”

“போவும்” என்றார்.